முதுமையைப் பற்றி யாரிடம் கேட்பது?

திருத்தணியில் வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் பதில் மூன்று இடங்களிலிருந்து வரும்: மருந்துக்கடை, வாட்ஸ்அப், எல்லை தாண்டி ஆந்திரத்து நகரியில் இருக்கும் சம்பந்தி. சரியாகவும் சொல்வார்கள். தவறாகச் சொல்லும்போது குரலில் உறுதி கொஞ்சம் கூடிவிடும்.

“முதியோர் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரர்களை வைத்துச் செய்தது.”

ஒரு காலத்தில் இது ஏறக்குறைய உண்மை. டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வருமானம் குறைந்த நாடுகளில் இருந்தார்கள். ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை. அந்தக் கணக்கையே பெயராகச் சூட்டிக்கொண்டு 1998இல் கொச்சியில் ‘10/66’ ஆய்வுக்குழு பிறந்தது. இந்தியாவில் அது நகரத்துக்குச் சென்னையை எடுத்துக்கொண்டது. கிராமத்துக்கு வேலூரை, கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் வேலை செய்யும் கணியம்பாடி வட்டாரத்தை எடுத்துக்கொண்டது. நமக்குப் பஸ் ஏறிப் போகும் தூரம்தான்.

அவர்களுக்கு வந்த சிக்கல் சுவையானது. வழக்கமான ஞாபகச் சோதனை எழுதச் சொல்கிறது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டி அதில் தோற்றால் அது நோயா, படிப்பில்லாததன் விளைவா? ஆகவே, பாட்டியைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், “முன்பு எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது” என்று வீட்டாரையும் விசாரிக்கும் முறையை வகுத்தார்கள். செல்போனில் வரும் ‘மூளைத்திறன் சோதனை’யை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இதைவிடப் பெரியது ‘லாசி’ ஆய்வு. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் ஹார்வர்டு, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2017-18இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கும் அதிகமானோரிடம் உடல்நலம், வருமானம், குடும்பம் என்று எல்லாவற்றையும் கேட்டறிந்தன. அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. மும்பை நிறுவனத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். மூலத்தரவு வேண்டும் என்கிற மாணவர்கள் விண்ணப்பித்துப் பெறலாம். ஒரு எச்சரிக்கை: எண்கள் மாநில அளவில்தான் நிற்கும். லாசியைக் காட்டி “திருத்தணி முதியோரில் இத்தனை சதவீதம்” என்று மேடையில் யாராவது முழங்கினால் கைதட்டாதீர்கள்.

“வயசானா மறதி வரத்தான் செய்யும், டாக்டர் எதுக்கு?”

அதே லாசியின் கிளை ஆய்வு 2023இல் சொன்னது: 60 தாண்டிய இந்தியர்களில் டிமென்ஷியா உள்ளவர்கள் 7.4 சதவீதம். அதாவது நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அது இல்லை. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் ஞாபகத்தைக் குலைக்கும், இவற்றுக்கு மருந்துண்டு. கேட்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. முதியோருக்கென்று தனிச் சிகிச்சை சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே தொடங்கிவிட்டது. அதை முன்னெடுத்த வ.செ. நடராசன் தமிழிலேயே புத்தகங்கள் எழுதியிருக்கிறார். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

“நகரியில் பென்ஷன் நாலாயிரம். மத்திய அரசு பணம்தானே, இங்கே யாரோ சாப்பிடுகிறார்கள்.”

மத்திய அரசின் பங்கு எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான்: 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80க்குப் பிறகு 500. மீதி அந்தந்த மாநிலம் போடுவது. ஆந்திரம் 2024 ஜூலையில் மொத்தத்தை 4,000 ஆக்கியது. தமிழ்நாடு 2023இல் 1,200 ஆக்கியது. குறைவு என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும்; திருட்டு என்பது வேறு. (1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திராவிட்டால் என்று கணக்குப் போடும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். அதற்காகப் போராடிய ம.பொ.சி. காதில் விழாமல் இருந்தால் சரி.)

“பையனுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இனி கோர்ட்டு, வக்கீல்னு அலைய முடியுமா?”

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவைப் படியுங்கள். ‘இந்தியா கோட்’ தளத்தில் முழுச் சட்டமும் இலவசம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், அந்தச் செட்டில்மென்ட் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு நிரூபிக்கும் பாடு மிச்சம். இதை விசாரிக்கும் தீர்ப்பாயத்தை நடத்துபவர் கோட்டாட்சியர், வக்கீல் வைத்தாக வேண்டியதில்லை. எப்படி மனு எழுதுவது என்று தெரியாவிட்டால் காலை 8 மணி முதல் இரவு 8 வரை 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணமில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் திருவள்ளூர் போகவேண்டாம், திருத்தணியிலேயே இருக்கிறது.