எந்த லாட்? எந்த பில்ட்?

(கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு)



போன பருவத்தில் எங்கள் புராஜெக்ட் குழு நான்கு பேரும் சேர்ந்து ஒரு மொபைல் செயலி செய்தோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அத்திப்பள்ளி பக்கம் போகும் பஸ்களின் நேரத்தைக் காட்டும் சின்ன செயலி. கோட் எழுதியது பெரும்பாலும் ஒரு தோழி. சோதிப்பது என் வேலை. சும்மா அழுத்திப் பார்க்கிற வேலைதானே என்று மற்றவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

ஒரு நாள் பட்டியலில் 10.15 வண்டி 9.40 வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. நேரத்தை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்து வரிசைப்படுத்தினால் அப்படித்தான் வரும். 9-க்கு முன்னால் 1 வந்துவிடும் அல்லவா! தோழி அன்று மாலையே திருத்தி அனுப்பினாள். நான் புதிய கோப்பை இறக்கி, போனில் போட்டு, திறந்து பார்த்து, "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று எழுதினேன். மறுநாள் மறுபடி திருத்தினாள். மறுபடி அதே பதில். மூன்றாம் முறை அவள் நேரம் கணக்கிடும் பகுதியையே பிய்த்து வேறு மாதிரி எழுதினாள். ரெவ்யூ அன்று லேபில் வேறொரு போனில் செயலியைப் போட்டுக் காட்டினோம். வரிசை சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரவு 12.05 வண்டியைக் காணோம்!

முதல் திருத்தமே சரியானது என்று பிறகுதான் தெரிந்தது. என் போனில் அந்தப் புதிய கோப்பு ஏறவே இல்லை. "ஆப்ஸ் நிறுவப்படவில்லை" என்று ஒரு செய்தி வந்தது. ஏற்கெனவே செயலி இருப்பதால் ஏதோ சொல்கிறது என்று அதை மூடிவிட்டு, பழைய ஐகானைத் தொட்டுப் பழையதையே மூன்று தடவை சோதித்திருக்கிறேன். அவளுடைய இரண்டு இரவுத் தூக்கம் போனது என்னால்தான்.

இதை வீட்டில் சொன்னபோது, சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையில் ஹெல்பராக இருக்கும் எங்கப்பா கேட்டது ஒரே கேள்வி. "பீஸ் ரிஜெக்ட்னு சொன்னா எங்க சூப்பர்வைசர் மொதல்ல 'எந்த லாட்டு'ன்னுதான் கேப்பாரு. நீ பாத்தது எந்த லாட்டுப்பா?" அப்பாவுக்கு செயலி என்றால் என்ன, பில்ட் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியாது. ஆனால் லேபில் எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் பில்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முன்பெல்லாம் ஒருவர் தன் கணினியில் கோட்டைத் தொகுத்து, ஏபிகே கோப்பாக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்புவார். தொடர் ஒருங்கிணைப்பு (சுருக்கமாக சி.ஐ.) என்ற முறையில் அந்த வேலையை ஒரு சர்வர் செய்கிறது. இந்தப் பெயர் 1990-களிலேயே கிரேடி பூச் எழுதிய நூலில் வந்துவிட்டது. ஹட்சன் என்று தொடங்கி 2011-இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய மென்பொருளைப் பல கம்பெனிகள் இதற்குப் பயன்படுத்துகின்றன. 2019 முதல் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வந்ததால் நம்மைப் போன்றவர்களுக்கும் இது எளிதாகிவிட்டது. கோட்டில் ஒரு வரி மாற்றி அனுப்பினால் போதும். எங்கோ ஒரு புத்தம்புது மெய்நிகர் இயந்திரம் எழும்பும், கோட்டை எடுக்கும், கிரேடில் மூலம் தொகுக்கும், தானியங்கிச் சோதனைகளை ஓட்டும், ஏபிகேயை ஒரு ஜிப் கோப்பில் வைத்துவிட்டு மறைந்துவிடும். நாமாக வேறு கணக்கு வைக்காவிட்டால் அந்த ஜிப் 90 நாள் இருக்கும்.

"புத்தம்புது" என்று சொன்னேன் பாருங்கள், வினை அங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஏபிகேயிலும் ஒரு சாவியால் இட்ட கையொப்பம் இருக்க வேண்டும். நாம் சாவி எதுவும் கொடுக்காவிட்டால், சோதனை பில்டுக்கு அந்த இயந்திரமே ஒரு டீபக் சாவியைச் செய்துகொள்ளும். இயந்திரம் மறைந்தால் சாவியும் போச்சு. அடுத்த பில்டுக்கு வேறு இயந்திரம், வேறு சாவி. போனோ, பழைய செயலியில் உள்ள அதே கையொப்பம் இருந்தால்தான் புதியதை அதன்மேல் ஏற்றும். இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் நம் வங்கிச் செயலியின் மேல் தன் கள்ளச் செயலியை ஏற்றிவிடலாமே! அதற்கு முந்தின வாரம்தான் நாங்கள் தோழியின் லேப்டாப்பிலிருந்து சி.ஐ.க்கு மாறியிருந்தோம். ஆகவே என் போன் மறுத்தது முற்றிலும் நியாயம்.

பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டால் ஏறிவிடும். ஆனால் சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும். அப்படிச் சோதித்தால் புதிதாக நிறுவுகிறவருக்கு என்ன நடக்கும் என்பது தெரியுமே தவிர, ஏற்கெனவே வைத்திருப்பவர் புதுப்பித்தால் என்ன ஆகும் என்பது தெரியாது. இரண்டையும் பார்க்க வேண்டும். நாங்கள் இப்போது சோதனைக்கென்று ஒரே டீபக் சாவியைக் கோட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். அது ரகசியமல்ல. கடைக்கு, அதாவது பிளே ஸ்டோருக்குப் போகும் சாவியை மட்டும் ஒருபோதும் கோட்டோடு வைக்கக் கூடாது.

என்னைக் குழப்பிய இன்னொன்று, எல்லா பில்டுகளிலும் 1.0 என்றே இருந்தது. பதிப்பு எண்ணை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிட்ஹப் ஒரு வரிசை எண் தருகிறது. அதையே பதிப்புக் குறியீடாக வைத்தால் எண் தானாக ஏறிக்கொண்டே போகும். கூடவே கமிட் அடையாளத்தின் முதல் ஏழு எழுத்தையும் "எங்களைப் பற்றி" பக்கத்தில் காட்டச் செய்தோம். இங்கே ஒரு நுணுக்கம். புல் ரிக்வெஸ்ட் ஒன்றுக்காக ஓடும்போது கிட்ஹப் வழக்கமாக நாம் அனுப்பிய கமிட்டை அல்ல, அதை மூலக் கிளையோடு இணைத்துப் பார்க்கும் ஒரு தற்காலிக கமிட்டைத் தொகுக்கும். எண் ஒத்து வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் போனையே கேட்கலாம். அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும் (ஏன் ஏழோ, கூகுளுக்கே வெளிச்சம்!). யுஎஸ்பி டீபகிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, ஏடிபி என்ற கருவி வழியாக நிறுவிப் பாருங்கள். கையொப்பம் பொருந்தவில்லையா, பழைய போனின் சிப்புக்கு ஏற்ற பில்ட் இல்லையா என்று காரணத்தோடு சொல்லும். செயலி கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தையும் காட்டும். அந்த ஒரு வரியை அன்று நான் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

சொந்தச் செயலி இல்லாதவர்கள் பழக, விக்கிமீடியா காமன்ஸின் ஆண்ட்ராய்டு செயலி நல்லது. தன்னார்வலர்கள் நடத்தும் திறந்த மூலச் செயலி அது. கிட்ஹப் கணக்கு இருந்தால் அதன் சி.ஐ. பில்டுகளை யாரும் இறக்கலாம். அதில் பீட்டா, புரொடக்‌ஷன் என்று இரண்டு வகை உண்டு. பீட்டாவுக்கு வேறு அடையாளப் பெயர் இருப்பதால் இரண்டும் ஒரே போனில் சண்டையில்லாமல் இருக்கும். பீட்டாவில் ஏற்றும் படம் சோதனை சர்வருக்குத்தான் போகும், அதற்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். விளையாட்டுப் படங்களை உண்மையான காமன்ஸில் போட்டுக் குப்பை சேர்க்காதீர்கள். "அருகில்" என்ற பகுதி, விக்கித்தரவில் உள்ள பக்கத்து இடங்களைக் காட்டி, எதற்குப் படம் தேவை என்று சொல்லும். ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளியும் சந்திரசூடேஸ்வரர் மலையும் நமக்குப் பஸ் தூரம்தான். நடந்துகொண்டே சோதிக்கலாம்.

நம் எல்லைப் பகுதிக்கு ஒரு தனி வசதியும் உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். நம் வகுப்பிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போனின் மொழியை மாற்றி மாற்றி ஒரே பில்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பொத்தானுக்குள் அடங்கும் சொல் தமிழில் நீண்டு பாதியில் வெட்டுப்படும். தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுத்துக்குக் கீழே வரும் ஒத்தெழுத்து, வரி உயரம் போதாமல் நறுக்கப்படும். பெரிய நகரத்தில் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது எப்படிப் படும்?

ஐபோன் கதை வேறு. அதன் உறைகளை நம் மாவட்டத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கிறது, ஆனால் அதில் ஒரு சோதனைச் செயலியை நாம் நினைத்தபடி போட முடியாது. ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் வழியாக அழைப்பு வர வேண்டும், அந்த பில்டும் 90 நாளில் காலாவதியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏபிகேயை நேரடியாக நிறுவ, பிரவுசருக்கோ கோப்பு மேலாளருக்கோ "அறியப்படாத ஆப்ஸை நிறுவு" என்ற அனுமதி கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிடுங்கள். போக்குவரத்து அபராத சலான் என்று வாட்ஸ்அப்பில் கள்ள ஏபிகே அனுப்பிப் பணம் திருடும் மோசடி நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் அப்பாவின் போனை நான் சோதனைக்குத் தொடுவதே இல்லை. சம்பளம் வருவது அதில்தான்.

ரெவ்யூ முடிந்த மறுநாள் தோழியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அரை நாள் பேசவில்லை. பிறகு, "இனிமே எண்ணில்லாம எழுதினா படிக்க மாட்டேன்" என்றாள். இப்போது என் குறிப்புகள் இப்படித்தான் தொடங்குகின்றன: ஓட்ட எண், கமிட் அடையாளம், போன், ஆண்ட்ராய்டு பதிப்பு, மொழி, புதிதாக நிறுவியதா, பழையதின்மேல் ஏற்றியதா. அதன் பிறகுதான் என்ன செய்தேன், என்ன வந்தது என்பதெல்லாம்.

போன வாரம் எழுதியது: "ஓட்டம் 61, பழையதின்மேல் ஏற்றியது, தமிழ். 9.40 முதலில், 10.15 அடுத்து. 12.05 வண்டி வந்துவிட்டது."