பிள்ளையின் மருந்துச் செலவு யார் பொறுப்பு?

இந்த மாதப் பாடம் குடும்பக் கடமை.

நான் நடத்தும் சமய வகுப்பில் ஒரு பையனுக்கு ஆஸ்துமா. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். "அம்மாகிட்ட கேட்டா அப்பா கட்டணும்னு சொல்றாங்க. அப்பாகிட்ட கேட்டா, மாசாமாசம் காசு கொடுக்கிறேனேங்கிறாரு. அதான் சார், இன்ஹேலரை மிச்சம் பிடிச்சு அடிக்கிறேன்" என்றான். இருவரும் கெட்டவர்கள் இல்லை. பிரியும்போது மருத்துவச் செலவைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் உண்டு. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் அதைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 92ஆம் பிரிவு. தங்குமிடம், உடை, உணவு, கல்வி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மருத்துவத்தைத் தனியாகச் சொல்லவில்லை. அதனால்தான் மணவிலக்கு மனுவிலேயே இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

என்ன எழுதுவது?

1. சளி, காய்ச்சல் போன்ற சின்னச் செலவு மாதப் பணத்தில் அடங்குமா, தனியா?

2. பல் கம்பி, கண்ணாடி, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு என்ன பங்கு? வருமானப்படி பிரிக்கலாம். ஒருவருக்கு 4,000 ரிங்கிட், மற்றவருக்கு 2,000 ரிங்கிட் சம்பளம் என்றால், 900 ரிங்கிட் பில்லில் 600, 300 என்று வரும்.

3. காப்புறுதி இருந்தால் சந்தா யார் கட்டுவது? காப்புறுதி கொடுத்தது போக மீதியைத்தான் பிரிக்க வேண்டும்.

4. பில்லை எத்தனை நாளுக்குள் அனுப்புவது, எத்தனை நாளுக்குள் கட்டுவது?

5. அவசரம் என்றால் முதலில் சிகிச்சை, பிறகுதான் கணக்கு.

ஏற்கெனவே மணவிலக்கு ஆகிவிட்டதா? நிலைமை மாறியிருந்தால் பராமரிப்பு உத்தரவைத் திருத்தும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் ஜாபாத்தான் பந்துவான் குவாமானில் விசாரிக்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: பில்லைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். மூச்சு வாங்கும் பிள்ளை கடன் வசூலிக்கும் ஆளாகக் கூடாது. கணவன் மனைவி என்ற பந்தம் முடியலாம். பெற்றவர் என்ற தர்மம் முடிவதில்லை.

கலந்துரையாட: உங்கள் அக்காவோ அண்ணனோ இந்த நிலையில் இருந்தால், மேலே உள்ள ஐந்தில் எதை முதலில் எழுதச் சொல்வீர்கள்? ஏன்?