தகனம்: எஞ்சினுக்குள் வளியும் பெற்றோலும்



வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சில வாகனங்கள் கரும்புகை கக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். "பெற்றோல் கூடிப்போச்சு" என்பார் கராஜ்காரர். அவர் சொல்வதும் நீங்கள் படிக்கும் தகனப் பாடமும் ஒன்றுதான். சமன்பாட்டை மட்டும் பாடமாக்காமல், அது எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்பதையும் விளங்கிக்கொண்டால் விடை தானாக வரும்.

1. அடிப்படை

போதிய ஒட்சிசன் இருந்தால் ஐதரோகாபன் பூரணமாக எரிந்து காபனீரொட்சைட்டையும் நீராவியையும் தரும். ஒட்சிசன் போதாவிட்டால் காபனோரொட்சைட்டும் கரித்துகளும் உண்டாகும். கரும்புகை என்பது அந்தக் கரித்துகளே.

2. கணிப்பு

பெற்றோலுக்குப் பதிலாக ஒக்டேனை எடுப்போம். ஒரு மூலக்கூறில் 8 காபன் அணுக்களும் 18 ஐதரசன் அணுக்களும் உண்டு.

2 ஒக்டேன் + 25 ஒட்சிசன் → 16 காபனீரொட்சைட்டு + 18 நீர்

ஒக்டேனின் மூலர்த்திணிவு: (8 × 12) + (18 × 1) = 114 கிராம்
2 மூல் ஒக்டேன்: 228 கிராம்
25 மூல் ஒட்சிசன்: 25 × 32 = 800 கிராம்
1 கிராம் ஒக்டேனுக்குத் தேவையான ஒட்சிசன்: 800 ÷ 228 = 3.5 கிராம்

வளியின் திணிவில் ஏறத்தாழ 23% ஒட்சிசன். எனவே தேவையான வளி 3.5 ÷ 0.23, அதாவது ஏறத்தாழ 15 கிராம். கடைப் பெற்றோல் பல ஐதரோகாபன்களின் கலவை என்பதால், அதற்கு 14.7 : 1 என்ற பெறுமானம் வழங்கப்படுகிறது.

கவனிக்க: இது திணிவு விகிதம், கனவளவு விகிதம் அல்ல. முதல் எண் வளி. ஆகவே எண் குறைந்தால் பெற்றோல் கூடிவிட்டது என்று பொருள். பலர் புள்ளி இழப்பது இந்த இடத்தில்தான்.

14.7 இலும் குறைவு: செறிந்த கலவை
14.7 இலும் கூட: ஐதான கலவை

3. சுழலி எஞ்சின் தரும் பாடம்

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் அசையும். ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் பிறந்த எஞ்சினில், முக்கோண வடிவச் சுழலி ஒன்று கூட்டுக்குள் சுற்றும். 1967 இல் மஸ்டா கம்பனி இதனைக் கொஸ்மோ ஸ்போர்ட் காரில் பொருத்தியது. 1991 இல் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் வென்ற மஸ்டா 787பி காரிலும் இருந்தது சுழலி எஞ்சினே.

சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய அடைப்புத் தகடுகள் உண்டு. வாயு கசியாமல் காப்பவை அவையே. கலவை தீப்பொறிக்குக் கட்டுப்படாமல் திடீரென வெடித்தால் அத்தகடு உடையும். உடைந்த துண்டு கூட்டையும் கீறிவிடும். பிறகு எஞ்சினைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதனால், டேர்போ பூட்டிய சுழலி எஞ்சின் முழு வலுவில் ஓடும்போது, விகிதத்தை 11 : 1 அளவில் செறிவாக வைப்பது வழக்கம். டேர்போ இல்லாததற்கு ஏறத்தாழ 13 : 1 போதும். மேலதிகப் பெற்றோல் ஏன்? அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. ஆவியாதலின் மறைவெப்பம் என்று நீங்கள் படித்தது இதுதான். பெற்றோலை மிச்சம் பிடிக்க எண்ணி முழு வலுவில் கலவையை ஐதாக்குபவர், எஞ்சினையே இழக்க நேரிடும்.

ஆனால் செறிந்த கலவை எஞ்சினுக்குப் பாதுகாப்பு, சுவாசிப்பவருக்கு அல்ல.

4. உயிர் சம்பந்தப்பட்ட விடயம்

காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் சேர்ந்து, ஒட்சிசன் செல்ல வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, மயக்கம் என்று தொடங்கி மரணம் வரை செல்லலாம். கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான இடங்களில் வீட்டோடு ஒட்டியே வாகனம் நிற்கும். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது. மின்வெட்டின்போது ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைப்பதும் அதே தவறுதான்.

இலங்கையில் 2008 இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில், பெற்றோல் வாகனங்களின் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கப்படுவது இக்காரணத்தால்தான்.

5. மாதிரி வினா

ஓர் எஞ்சின் 0.5 கி.கி. பெற்றோலையும் 6 கி.கி. வளியையும் உள்ளெடுத்தது.
(அ) வளி – எரிபொருள் விகிதம் யாது?
(ஆ) கலவை எவ்வகையானது?
(இ) பூரண தகனத்துக்கு மேலும் எவ்வளவு வளி தேவை?
(ஈ) புகையில் எதிர்பார்க்கக்கூடிய நச்சு வாயு ஒன்றைத் தருக.

விடை:
(அ) 6 ÷ 0.5 = 12; எனவே 12 : 1
(ஆ) 14.7 இலும் குறைவு, செறிந்த கலவை
(இ) 0.5 × 14.7 = 7.35 கி.கி.; 7.35 – 6 = 1.35 கி.கி.
(ஈ) காபனோரொட்சைட்டு

பயிற்சி: 2 கி.கி. பெற்றோலுக்கு 32 கி.கி. வளி கிடைத்தால் மேற்படி (அ), (ஆ) ஆகியவற்றுக்கு விடை எழுதுக. படிமுறைகளைக் கட்டாயம் காட்டுங்கள். இறுதி விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு.