அகச்சிவப்பு ஹீட்டர்: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டிய கணக்கு

குளிர் காயும் ஹீட்டருக்கும் நம் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஒரு கம்பளியும் ஒரு டம்ளர் சுக்கு காப்பியும் நமக்குப் போதும்.

ஆனால் வியாபாரம் ஊர் எல்லையோடு நிற்பதில்லை. நம் குடும்பங்களில் உதகையிலும் கொடைக்கானலிலும் மூணாற்றிலும் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் பெங்களூரிலும் டெல்லியிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காக ஹீட்டர் வாங்குகிறவர்கள் நம் ஊர்க் கடைகளில்தான் விசாரிக்கிறார்கள். மேலும், தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் நமது. அடைமழை நாட்களில் வயதானவர்களின் அறைக்கு ஒன்று வாங்கலாமா, ஈரம் ஏறும் குடோனில் ஒன்று வைத்தால் என்ன என்ற எண்ணமும் எழுகிறது. எனவே இந்தப் பொருளைப் பற்றிய கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

யூனிட்டுக்கு ஒரே எடை

முதலில் ஒரு அடிப்படை. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு யூனிட் முழுவதும் வெப்பமாக மாறினால் சுமார் 860 கிலோ கலோரி கிடைக்கும். இதைக் கூட்டவோ குறைக்கவோ எந்தக் கம்பெனியாலும் முடியாது. நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளந்தாலும் குவிண்டாலில் நிறுத்தாலும் குவியல் அதேதான். அதுபோலக் கம்பிச் சுருள் ஹீட்டரானாலும், குவார்ட்ஸ் குழாய் ஹீட்டரானாலும், காற்று வீசும் புளோயரானாலும், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரானாலும் ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் மொத்த வெப்பம் ஒன்றே.

அப்படியானால் "இது அகச்சிவப்புத் தொழில்நுட்பம், கரண்ட் பில் பாதியாகக் குறையும்" என்று சொல்லி விற்கிறார்களே என்று கேட்கலாம். அமெரிக்காவில் அழகான மரப்பெட்டிக்குள் அகச்சிவப்பு விளக்கை வைத்து, பின்னால் ஒரு விசிறி பொருத்தி, வீட்டுக்கு வீடு நகர்த்தக்கூடிய ஹீட்டர் என்று பெரும் விளம்பரத்தோடு விற்றார்கள். அங்கே சாதாரண பிளக்கில் மாட்டும் ஹீட்டர்களின் உச்சம் பெரும்பாலும் 1,500 வாட்தான். பெட்டியின் விலை பல மடங்கு அதிகமானாலும், மலிவான 1,500 வாட் புளோயர் தரும் வெப்பத்தைவிட அது கூடுதலாக எதுவும் தரவில்லை. விளக்கின் கதிர் பெட்டிக்குள்ளேயே உலோகத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டை விசிறி வெளியே தள்ளுகிறது. அதுவும் ஒரு புளோயர்தான். பொட்டலம் பட்டுத்துணியில் இருந்தாலும் உள்ளே இருக்கும் பருப்பு ஒரு கிலோதானே!

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. குளிரும் சூடும் தரும் ஏ.சி. இயந்திரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியே உள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே கொண்டுவருகிறது. ஆகவே அது ஒரு யூனிட் செலவில் இரண்டு, மூன்று யூனிட் அளவு வெப்பத்தைத் தர முடியும். மற்ற மின்சார ஹீட்டர் எதற்கும் இந்தச் சலுகை கிடையாது.

அகச்சிவப்பு என்பது என்ன?

வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1800ஆம் ஆண்டு சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில்தான் வெப்பமானி அதிகம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரே அகச்சிவப்புக் கதிர்.

இது புதுமையான பொருள் அல்ல. வெயிலில் நிற்கும்போதும் விறகடுப்பின் முன் உட்காரும்போதும் நம் உடலில் படுவது இதுதான். இந்தக் கதிர் இடையிலுள்ள காற்றை அதிகம் சூடாக்காமல், எதிரே இருக்கும் ஆளையும் பொருளையும் நேராகச் சூடாக்குகிறது. அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும், காரணம் இதுவே.

இதிலிருந்து இதன் பலமும் பலவீனமும் விளங்கும். சுவிட்ச் போட்ட சிறிது நேரத்திலேயே எதிரே இருப்பவருக்குக் கதகதப்புக் கிடைக்கும். ஆனால் ஹீட்டரின் முகத்துக்கு வெளியே இருப்பவருக்குப் பயன் குறைவு. விலக விலகச் சூடு வேகமாகக் குறையும். அணைத்தவுடன் கதகதப்பும் போய்விடும்.

அறையைச் சூடாக்குவதா, ஆளைச் சூடாக்குவதா?

லாபம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்குக் காட்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்றின் எடை சுமார் 33 கிலோ. அந்தக் காற்றை மட்டும் 10 டிகிரி சூடாக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பின் ஏன் மணிக்கணக்கில் ஹீட்டர் ஓடுகிறது? சுவர், தரை, கூரை எல்லாம் வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. சூடான காற்று மேலே எழும்பி, வெண்டிலேட்டர் வழியாகவும் ஓட்டு இடுக்குகள் வழியாகவும் வெளியேறிவிடுகிறது.

நம் பக்கத்து வீடுகள் காற்று வந்து போவதற்கென்றே கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட வீட்டில் புளோயரை வைத்து அறை முழுவதையும் சூடாக்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. மாறாக, கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் ஒருவரை மட்டும் சூடாக்கினால் போதும் என்றால் சிறிய அகச்சிவப்பு ஹீட்டர் உண்மையிலேயே சிக்கனம்.

நம் நாட்டில் பரவலாக விற்பனையாகும் குவார்ட்ஸ் ஹீட்டரில் 400 வாட் குழாய்கள் இரண்டு இருக்கும். ஒரு குழாயை மட்டும் போட்டு நாளுக்கு மூன்று மணி நேரம் உபயோகித்தால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 2,000 வாட் புளோயர் அதே நேரம் முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைத்தால் இது சற்றுக் குறையும். மிச்சம் வருவது குறைந்த வாட்டில், அருகில் வைத்து, தேவையான நேரம் மட்டும் ஓட்டுவதால்தான். அகச்சிவப்பு என்ற பெயரால் அல்ல.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விலையில் கணக்கிடப்படுகிறது. கூடுதலாகச் செலவாகும் 360 யூனிட் முழுவதும் உயர்ந்த படியில்தான் போய் விழும். ஆகவே சராசரி விலையைப் போட்டுப் பார்த்தால் கணக்குத் தவறும். கடை இணைப்புக்கோ வணிகக் கட்டணம். அங்கே ஒவ்வொரு யூனிட்டும் காசுதான்.

பிளக்கும் வயரும்

வாட்டை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்பது தெரியும். 800 வாட் என்றால் மூன்றரை ஆம்பியர். 1,500 வாட் என்றால் ஆறரை. 2,000 வாட் என்றால் எட்டே முக்கால். விசிறிக்கும் விளக்குக்கும் போட்டிருக்கும் சிறிய பிளக் பாயின்ட் 5 அல்லது 6 ஆம்பியர் தாங்குவது. ஆகவே ஆயிரம் வாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டரைப் பெரிய பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். பெரிய முனையைச் சிறிய பாயின்டில் செருக உதவும் மாற்று பிளக்கும், மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடவே கூடாது. ஹீட்டர் மணிக்கணக்கில் ஓடும். லூசான முனையில் சூடு ஏறி, பிளாஸ்டிக் உருகி, பிறகு தீப்பிடிக்கும். எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் அவசியம். வீட்டு இன்வெர்ட்டரில் ஹீட்டரைப் போட நினைக்க வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. திரைச்சீலை, மெத்தை, காகிதம் எதுவும் ஹீட்டருக்கு மூன்றடிக்குள் இருக்கக்கூடாது.

2. மழைக்காலத்தில் குழந்தைத் துணிகளை ஹீட்டரின் மேல் போட்டு உலர்த்துவது பெரிய ஆபத்து.

3. கீழே சாய்ந்தால் தானாக அணையும் வசதி உள்ளதையே வாங்க வேண்டும். தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும்.

4. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாது. அவர்கள் காலருகே ஹீட்டரை வைக்கக்கூடாது.

5. "ஹீட்டர் ஆக்ஸிஜனை எரித்துவிடும்" என்பது சரியல்ல. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. காற்று சூடாவதால் தொண்டையும் தோலும் வறள்வது உண்மை.

உண்மையில் உயிரைக் குடிப்பது கரிச்சட்டி. கொடைக்கானல், உதகைக்குச் சுற்றுலா போனவர்கள் அறைக்குள் அடுப்புக்கரியை மூட்டி, கதவைச் சாத்தித் தூங்கி, கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலைக்குப் போகும் வாடிக்கையாளர் கரி வாங்க வந்தால் இந்த ஒரு எச்சரிக்கையைச் சொல்லி அனுப்புவது நம் கடமை. அந்த வகையில் சிறிய மின்சார ஹீட்டர் எவ்வளவோ மேல்.

குடோனில் ஹீட்டர் வேண்டாம்

ஐப்பசி அடைமழையில் வத்தல் பதத்துப் போகும்; மல்லியில் பூசணம் பிடிக்கும்; கருப்பட்டி கசியும். ஒரு ஹீட்டரை வைத்து ஈரத்தை விரட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அகச்சிவப்புக் கதிர் தன் எதிரே உள்ள மூட்டையின் மேற்பரப்பைத்தான் சுடும். உள்ளே உள்ள ஈரம் அப்படியே இருக்கும். கருப்பட்டி உருகும், கொப்பரையில் எண்ணெய் கசியும். கோணிச் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் நிறைந்த இடத்தில் செந்தணலாக ஒளிரும் குழாயை வைத்துவிட்டு இரவு கடையைப் பூட்டிப் போவது கொள்ளிக்கட்டையை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். ஒரு மூட்டை வத்தலைக் காப்பாற்றப் போய் ஒரு தலைமுறை முதலை இழக்க நேரிடும்.

மழைக்கு முன் சரக்கை நன்றாக வெயிலில் உலர்த்தி அடைப்பது, மூட்டைகளைத் தரையிலோ சுவரிலோ படாமல் மரப்பலகை மேல் அடுக்குவது, மழைவிட்ட வெயில் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது ஆகிய பழைய முறைகளே இன்றும் சிறந்தவை. ஈரம் அதிகமுள்ள சரக்குக்கு முறையான உலர்த்தி இயந்திரம் வேறு. வீட்டு ஹீட்டர் வேறு.

விற்பவர் கவனத்துக்கு

வீட்டு உபயோகப் பொருட்களையும் சேர்த்து விற்கும் உறுப்பினர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹீட்டரை மட்டுமே வாங்கி வைக்க வேண்டும். மின்சார ரேடியேட்டர்களுக்கு அந்த முத்திரை சட்டப்படி கட்டாயம். முத்திரை இல்லாத சரக்கு மலிவாக வருகிறது என்று அடுக்கி வைத்தால் பொறுப்பு நம் தலையில்தான்.

மேலும், 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பாளர் தந்த உத்தரவாதத்துக்கு மேல் விற்பவர் தானாக ஒரு உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதற்கு ஒத்துவராமல் வாடிக்கையாளருக்குப் பாதிப்பு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பாவார். "பில் பாதியாகும்", "மூட்டுவலி தீரும்", "ராத்திரி முழுக்க ஓடலாம், ஒன்றும் ஆகாது" என்று கல்லாவில் இருந்து சொல்லும் பேச்சுக்கு இனி எடை உண்டு.

இதற்குப் பதிலாக வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். எந்த ஊருக்கு? எத்தனை பேருக்கு? அறையை அடைக்க முடியுமா? பவர் பிளக் இருக்கிறதா? உதகையில் நன்றாக அடைத்த சிறிய படுக்கையறை என்றால் தெர்மோஸ்டாட் உள்ள எண்ணெய் ரேடியேட்டர் பொருந்தும். மலை ஊர்க் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என்றால், சாக்குகளிலிருந்து விலக்கி, கண் பார்வையில் வைக்கும் குவார்ட்ஸ் ஹீட்டர் போதும். நாகர்கோவிலில் வயதான தாயாருக்கு என்றால் முதலில் நல்ல கம்பளியையும் காலுறையையும் காட்டுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் 400 வாட்டில் ஓடக்கூடியதைக் கொடுங்கள்.

ஒரு ஹீட்டரில் கிடைக்கும் லாபம் ஒரு நாளைக்கு. உண்மையான கணக்கைச் சொல்லி அனுப்பிய வாடிக்கையாளர் அரிசிக்கும் பருப்புக்கும் ஆண்டு முழுவதும் நம் கடைப் படியேறுவார். தராசுத் தட்டில் காட்டும் நேர்மையை வாட்டிலும் யூனிட்டிலும் காட்டுவோம்.