ஒரே இணைப்பு, இருபது கணினிகள்

மாதக் கடைசி வந்தால் யாழ்ப்பாணத்துக் கந்தோர்கள் பலவற்றில் இணையத்தால் ஒரு பிணக்கு வரும். கணக்குப் பகுதி வங்கித் தளத்தில் சம்பள விவரத்தை ஏற்றப் பார்க்கும். பக்கத்து அறையில் பத்துக் கணினிகள் ஒரே விண்டோஸ் மேம்படுத்தலைத் தனித்தனியே இறக்கிக்கொண்டிருக்கும். யாரிலும் பிழையில்லை, ஆனாலும் எல்லாருக்கும் வேலை தடைப்படும். உடனே பெரிய இணைப்பு வாங்குவோம் என்ற பேச்சு எழும். அதற்கு முன் செய்துபார்க்கக்கூடிய ஒன்று புரொக்சி சேர்வர். எல்லாக் கணினிகளின் கோரிக்கைகளையும் அது வாங்கி, தன் பெயரில் வெளியே அனுப்பி, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும்.

இதற்கு வயது முப்பதுக்கு மேல். 1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் அரி லூட்டோனன், கெவின் ஆல்டிஸ் இருவரும் இதை விளக்கினார்கள். 1996இல் வந்த ஸ்குவிட் என்ற இலவச மென்பொருள் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றினால் சிறிய கந்தோருக்கு அது போதும்.

அன்றைய நோக்கம் சேமிப்பு. ஒருவர் திறந்த பக்கம் சேர்வரில் தங்கும், அடுத்தவருக்கு அங்கிருந்தே போகும். இன்று நிலைமை வேறு. 2018 யூலையில் கூகுள் குரோம், குறியாக்கம் இல்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று காட்டத் தொடங்கியது. இப்போது பெரும்பாலான பக்கங்கள் குறியாக்கத்துடனேயே வருகின்றன. தளத்தின் பெயரும் போய்வந்த தரவின் அளவும் புரொக்சிக்குத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. எனவே டேட்டா பாதியாகக் குறையும் என்ற பழைய கணக்கை நம்பி இறங்கக் கூடாது. மேம்படுத்தல்களுக்குத் தனி வழி உண்டு. விண்டோஸ் 10 முதல் உள்ள டெலிவரி ஒப்டிமைசேஷனை இயக்கினால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை கந்தோருக்குள்ளேயே பெற்றுக்கொள்ளும்.

புரொக்சியின் இன்றைய பெரிய பயன் பங்கீடுதான். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். தோட்டக்காரர் முறைவைத்து இறைப்பார்கள். ஸ்குவிட்டில் உள்ள ‘டிலே பூல்’ இணையத்துக்கு அப்படி முறை வைக்கிறது. கந்தோர் முழுவதற்கும் ஓர் உச்ச அளவு, கணினி ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு என்று வகுக்கலாம். வங்கித் தளத்துக்கு விலக்குக் கொடுக்கலாம். இறக்கத்தை மட்டுமே இது கட்டுப்படுத்தும். ஏற்றத்தை ரவுட்டரில்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

ஆனால் விதி எழுதுமுன் ஒரு வாரம் புரொக்சியின் பதிவேட்டைப் பாருங்கள். இணைப்பு மந்தமானால் முதல் சந்தேகம் யூடியூப் பார்ப்பவர்மேல் விழும். நான் பார்த்த கந்தோர்களில் உண்மைக் காரணம் பெரும்பாலும் யாரும் கவனிக்காத தானியங்கிக் காப்புப் பிரதியாகவே இருந்தது. ஆதாரம் கையில் இருந்தால் ஆளோடு முரண்படாமல் அமைப்பைத் திருத்தலாம்.

அடுத்தது பாதுகாப்பு. ஸ்குவிட் அனுமதி விதிகளை மேலிருந்து கீழாக வாசிக்கும். முதலில் பொருந்துவதே செல்லும். கந்தோர்க் கணினிகளுக்கு அனுமதி, கடைசி வரியில் எல்லாருக்கும் மறுப்பு என்ற ஒழுங்கை மாற்ற வேண்டாம். 3128 என்ற அதன் வழக்கமான வாயிலை வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டால், முகம் தெரியாதவர்கள் உங்கள் கந்தோர்ப் பெயரில் உலவுவார்கள்.

மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. எல்லாரும் ஒரு பெட்டியை நம்பியிருந்தால், அது நின்றவுடன் எல்லாரும் நிற்பார்கள். புரொக்சி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி பயோஸில் அமைத்துவையுங்கள். உலாவிகளுக்குப் புரொக்சி முகவரியை நேரடியாகக் கொடுக்காமல், எந்த வழியில் போவது என்று உலாவிக்குச் சொல்லும் பிஏசி கோப்பு மூலம் கொடுத்தால், புரொக்சி கிடைக்காதபோது நேரடி வழிக்கு மாறச் சொல்லலாம்.

பதிவேடு என்றால் அது மனிதர்களைப் பற்றிய தகவல். யார் எந்த மருத்துவமனைத் தளத்தைத் திறந்தார் என்பதுகூட அதில் இருக்கும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உடன் வேலைசெய்பவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை ஒன்றுண்டு. எது பதியப்படுகிறது, எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்ப்பார் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். குறியாக்கத்தை உடைத்து உள்ளே பார்க்கும் வசதியைத் தொடாதீர்கள்.

அளவுக்கு மீறித் தடுத்தாலும் பலனில்லை. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது ஏராளமானோர் விபிஎன் பழகினார்கள். தேவையில்லாத தடைகளைப் போட்டால் அதே வழியில் புரொக்சியையும் கடந்து போவார்கள், பதிவேடும் பங்கீடும் பயனற்றுப் போகும்.

இன்னொன்று, இங்கே அடிக்கடி நடப்பது. கணினிப் பொறுப்பாளர் இடமாற்றம் பெற்றுக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார். அவர் இருக்கும்போதே அமைப்புக் கோப்பின் பிரதியையும் கடவுச்சொல்லையும் நிறுவும் முறையை எழுதிய தாளையும் உறையிலிட்டு நிர்வாகியின் அலுமாரியில் வையுங்கள். இன்னொருவரை அந்தத் தாளை மட்டும் பார்த்துச் சேர்வரை ஒருமுறை புதிதாக நிறுவச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களில் தாளைத் திருத்தி எழுதுங்கள்.