உடல் எடை: விதியா, மதியா?

பள்ளி விடுமுறையில் நடந்த நமது பண்புநெறி முகாமில் நான் உதவியாளராக இருந்தேன். சாப்பாட்டு வரிசையில் ஒரு தம்பி இரண்டாவது முறை சோறு வாங்க வந்தான். கொஞ்சம் பருமனான பையன். "போதும்டா தம்பி! பக்கத்துல நிக்கிறவனப் பாரு, எவ்ளோ ஒல்லியா இருக்கான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மறுநாள் காலையில் அவன் பசியாற வரவில்லை. மதியமும் வரவில்லை. தேடிப் போனால், "பசிக்கல அண்ணே" என்றான். பக்கத்தில் நின்ற அந்த ஒல்லிப் பையன் அவனோட கூடப் பிறந்த தம்பி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான் அண்ணே. எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டான்.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. நான் படிப்பது இயந்திரவியல். பிறகு தேடிப் படித்ததைத்தான் இந்தப் பாடமாக எழுதுகிறேன்.

1. பிறப்போடு வருவது

ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்த பிறகு அவர்களுடைய உடல்வாகு யாரை ஒத்திருந்தது? சோறு போட்டு வளர்த்தவர்களை அல்ல, பெற்றவர்களை!

கனடாவில் குளோட் பூஷார் குழுவினர் செய்த சோதனை இன்னும் சுவையானது. 12 ஜோடி ஒரே கரு இரட்டையர்களான இளைஞர்களுக்கு, 84 நாட்கள், நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அதே கூடுதல்தான். ஆனால் ஒருவருக்கு ஏறியது 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரே ஜோடியில் இருந்த இருவருக்கும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியது. 1990-இல் வெளிவந்த முடிவு இது.

2007-இல் எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வடிவம் எடையோடு தொடர்புடையது என்று கண்டறிந்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த வடிவத்தைப் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. இதைப் போல நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் உண்டு. பல, மூளையில் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் கட்டுப்படுத்தும் பகுதிகளோடு தொடர்புடையவை. அண்ணன் தம்பிகளுக்குச் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகள்தான் பொதுவாக இருக்கும். அதனால் ஒரே சட்டிச் சோறு இரண்டு உடலில் இரண்டு விதமாகச் சேர்வதில் வியப்பில்லை.

2. வாழ்க்கையில் சேர்வது

அப்படியானால் எல்லாம் பரம்பரை, நம் கையில் ஒன்றும் இல்லையா? இங்கேதான் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும்.

மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, 1996-இல் பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினர் உடற்பருமன் உடையவர்கள். 2019-இல் அது 19.7 விழுக்காடு. 23 ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது வாழ்க்கை. நம் தாத்தா பாட்டி பலர் விடியுமுன் எழுந்து தோட்டத்தில் மரம் சீவினார்கள், நடந்தே நிரைக்குப் போனார்கள். நாம் அவர்களுடைய மரபணுவோடு, காரில் போய், மாமாக் கடையில் இரவு 11 மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிடுகிறோம்!

இரண்டு கார்களுக்கு ஒரே அளவு பெட்ரோல் ஊற்றினாலும், என்ஜினைப் பொறுத்து ஒன்று அதிகத் தூரம் ஓடும். என்ஜினை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. எவ்வளவு ஊற்றுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதில் நம் பங்கு உண்டு. 2011-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓவின் பாதிப்பு கால் பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. மரபணு அப்படியேதான் இருக்கிறது, அதன் பிடி தளர்கிறது.

3. ஒல்லியானவர்களுக்கும் ஒரு பாடம்

முகாமில் நான் செய்த இரண்டாவது தவறு, ஒல்லிப் பையனை 'சரியான உடல்' என்று காட்டியது. 2004-இல் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற இந்திய மருத்துவரும் ஜான் யூட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரும் தங்களையே ஒப்பிட்டு எழுதினார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. ஆனால் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு! நம்மவர்களுக்கு உடல் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் தன்மை அதிகம், நீரிழிவும் சீக்கிரம் வரும்.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதுதான் இந்தக் குறியீடு. ஆசியர்களில் பெரியவர்களுக்கு 23-லேயே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்ணுக்கு 80-க்குள்ளும் இருப்பது நல்லது.

4. நமது சமயப் பார்வை

இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. கொண்டு வந்த வினை பிராரப்தம், இப்போது செய்வது ஆகாமியம். திருவள்ளுவர் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் எழுதினார். 'ஆள்வினையுடைமை' என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பாகிவிடும். 'எல்லாம் விதி' என்றால் சோம்பல் வரும். 'எல்லாம் உன் தப்பு' என்றால் ஒரு சின்னப் பையன் பட்டினி கிடப்பான்.

5. இன்று தொடங்கலாம்

• ஒரு கோப்பை தே தாரிக்கில் 20 கிராம் சீனி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு மூன்று கோப்பை 60 கிராம். அதாவது 240 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே ஏறக்குறைய 50 கிராம். 'குராங் மானிஸ்' என்று கேட்டுப் பழகுங்கள்.
• 17 வயது வரை தினமும் 60 நிமிடம், அதற்கு மேல் வாரத்துக்கு 150 நிமிடமாவது வியர்க்க அசையுங்கள். கோவில் உழவாரப் பணியும் கணக்கில் சேரும்.
• சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். முன்பு உண்டது செரித்த பின், பசித்து, அளவோடு உண்பதே 'மருந்து' அதிகாரம் காட்டும் வழி.
• நேரத்தோடு தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.
• யாருடைய உடம்பைப் பற்றியும் கிண்டல் வேண்டாம். தீபாவளித் திறந்த இல்லத்தில் "என்ன, குண்டாயிட்ட?" என்று கேட்பதும் இதில் அடங்கும்.

அந்தத் தம்பி படித்தால்: உன் கேள்வி சரியான கேள்விடா. நீ கொண்டு வந்தது உன் தவறு இல்லை. இனி செய்வதில் உன் பங்கு உண்டு, எங்கள் பங்கும் உண்டு. அடுத்த முகாமில் காலை ஓட்டத்துக்கு நான் உன்கூட வருகிறேன்.

கலந்துரையாடல்

1. உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையின் வேலை, உணவு, நடை எப்படி மாறியது?
2. நம் வட்டாரக் கூட்டங்களில் பரிமாறும் உணவில் எதை மாற்றலாம்?
3. ஒருவர் மனம் நோகாமல் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது எப்படி?