ஒரு பசு போதுமா?

ரமலான் நெருங்கினால் நம்மிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும். சேர்ந்திருக்கும் ஜகாத் தொகையை இருநூறு வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதா, பத்து வீடுகளைத் தேர்ந்து காலூன்றும் அளவுக்குக் கொடுப்பதா? இருநூறு வீடு என்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. பத்து வீடு என்றால் பதினோராவது வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருநூறு பக்கமே சாய்ந்துவிடுகிறோம்.

இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியை வங்கதேசத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடங்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஃபஸ்லே ஹசன் ஆபித் 1972-ல் தொடங்கிய 'பிராக்' தொண்டு நிறுவனம், சிறுகடன்கூட எட்டாத பரம ஏழைகளுக்காக 2002-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊர்மக்களைக் கூட்டி, எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். கடைசி வரிசையில் வந்த பெண்கள் வயல் கூலியும் வீட்டு வேலையும் செய்து பிழைத்தவர்கள். அந்த வேலையும் வருடம் முழுக்கக் கிடைக்காது. அதே ஊரில் கொஞ்சம் வசதியுள்ள பெண்களோ மாடு வளர்த்துக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆகவே ஏழைப் பெண்களுக்கும் கால்நடைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் பசுவைத்தான் கேட்டார்கள். பசிக்காக அதை விற்றுவிடாதபடி முதல் 40 வாரங்கள் கைச்செலவுக்குப் பணம். இரண்டு வருடம் வீடு தேடி வந்து பயிற்சி.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஓரியானா பாண்டியேரா, ராபின் பர்ஜஸ் முதலானோர் 2007 முதல் 1,309 கிராமங்களில் இதை ஆராய்ந்தார்கள். உதவி போகாத ஊர்களோடு ஒப்பிட்டபோது, நான்கு வருடத்தில் அந்தப் பெண்களின் வருமானம் 21 சதவீதம் கூடியிருந்தது.

நாம் நின்று யோசிக்க வேண்டியது அடுத்து வந்த முடிவை. அதே குடும்பங்களை 11 வருடம் தொடர்ந்து பார்த்தபோது ஒரு கோடு தெரிந்தது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள உதவிதான் போனது. ஏற்கெனவே ஏதோ கொஞ்சம் வைத்திருந்தவர்கள், பசுவும் சேர்ந்ததும் அந்தக் கோட்டைத் தாண்டி, பின்பு தாமே மேலும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றுமே இல்லாதவர்கள், பசு வந்தும் கோட்டுக்குக் கீழேயே நின்று, மெல்ல மெல்லப் பழைய நிலைக்குச் சரிந்தார்கள். சோம்பலோ திறமைக் குறைவோ இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. பசு மட்டும் இருந்து, கட்ட கொட்டில் இல்லை, சந்தைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை என்றால் என்ன செய்வார்கள்? மிக ஏழைக்குக் கொடுத்தது பெரிய உதவிதான், ஆனாலும் அவருக்குப் போதவில்லை.

இது வங்கதேசத்துக்கு மட்டும் உரிய கதை என்றும் ஒதுக்க முடியாது. நம் நாட்டில் மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் இதே மாதிரித் திட்டம் நடந்தது. 2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அதை ஆராய்ந்தார்கள். பத்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் செலவும் மற்றவர்களைவிட மேலாகவே இருந்தன. ஆனால் ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகளில் பெரும்பாலானவை நோயில் செத்துப்போயின. அங்கே சொத்து பெருகவில்லை. எதைக் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

உழைக்கக்கூடிய ஒருவராவது இருக்கும் வீடுகளுக்கான திட்டம் இது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்குப் பசுவைக் கொடுத்துப் பயனில்லை. அவருக்கு மாதாமாதம் அரிசியும் மருந்தும்தான் வேண்டும். அந்தப் பகிர்வை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் தொழில் தெரிந்தும் பொருள் இல்லாமல் நிற்கும் ஒரு வீட்டைப் பற்றி விசாரித்து வாருங்கள். தையல் மெஷின் மட்டும் போதுமா, முதல் ஆறு மாதம் துணி வாங்கவும் வாடகை கட்டவும் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டு, முழுத் தொகையையும் எழுதிக் கொண்டு வாருங்கள்.